ரத்தத்துக்கும் நிறம் பார்த்தார்கள்

ரத்த வங்கி என்றதும் நினைவுக்கு வர வேண்டிய பெயர் டாக்டர் சார்லஸ் ட்ரூ. 1904-ல் வாஷிங்டனில் கம்பளம் விரிக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கறுப்பர். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் கறுப்பு மாணவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலம். அவர் கனடா சென்று படித்தார். ரத்தத்தைக் கெடாமல் சேமிப்பது பற்றிய ஆய்வுக்காக 1940-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு, போரில் தவித்த பிரிட்டனுக்கு நியூயார்க்கிலிருந்து பிளாஸ்மா அனுப்பும் பணிக்கு அவரே மருத்துவப் பொறுப்பாளர். சுமார் 14,500 பேர் ரத்தம் கொடுத்தார்கள். 1941-ன் இறுதியில் ராணுவத்துக்கான ரத்த தானத்தில் கறுப்பர்களை ஒதுக்கினார்கள். எதிர்ப்பு வந்ததும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தனியாக வைத்தார்கள். முறையை வகுத்தவரின் ரத்தமும் தனிப் புட்டியில்தான்! இதற்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகக் கண்டித்தார். இரட்டைக் குவளையைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

அலபாமா மாநிலத்தில் 1915 முதல் ஒரு சட்டம்: கறுப்பு ஆண்கள் படுத்திருக்கும் வார்டில் வேலை செய்யும்படி வெள்ளைச் செவிலியப் பெண்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 1946-ல் மத்திய அரசின் மருத்துவமனைச் சட்டமோ, கறுப்பர்களுக்குத் தனி ஏற்பாடு செய்தால் போதும் என்று நிதி கொடுத்தது. வாஷிங்டன் மருத்துவச் சங்கம் கறுப்பு மருத்துவர்களைச் சேர்க்கவில்லை. அதில் இடமில்லை என்றால் தேசியச் சங்கத்திலும் இடமில்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் சிகிச்சை செய்யும் உரிமையும் இல்லை. தன் நோயாளியை வாசலோடு வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இதை எதிர்த்து 1947-ல் அவர் எழுதிய கடிதங்களுக்குப் பலன் இல்லை.

ட்ரூ செய்த பெரிய காரியம், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பு அறுவை மருத்துவர்களை ஒருவர் பின் ஒருவராக உருவாக்கியதுதான் என்பது என் கருத்து.

1950 ஏப்ரல் 1. அலபாமாவின் டஸ்கிகீயில் நடந்த இலவச முகாமுக்கு இரவெல்லாம் கார் ஓட்டிச் சென்றவர், வட கரோலினாவில் கண்ணயர்ந்தார். கார் கவிழ்ந்தது. கறுப்பர் என்பதால் சிகிச்சை மறுக்கப்பட்டுச் செத்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் காப்பாற்ற முயன்றார்கள், காயம் அப்படி.

ஆனால் அதே டிசம்பரில், அதே வட்டாரத்தில், விபத்தில் சிக்கிய கறுப்புக் கல்லூரி மாணவர் ஒருவரை, கறுப்பர் படுக்கைகள் நிரம்பிவிட்டன என்று பெரிய மருத்துவமனை ஒன்று திருப்பி அனுப்பியது. அவர் இறந்தார். ட்ரூவின் பெயரோடு மக்கள் சொல்லிவந்தது அந்த மாணவரின் கதையைத்தான்.