எரிந்த அச்சகமும் வில்லியம் கேரியும்

மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் யாராவது ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதலாமென்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற மனிதர் விஞ்ஞானி இல்லை; செருப்புத் தைத்தவர். பெயர் வில்லியம் கேரி. கிறிஸ்தவ வீடுகளில் சிட்சை என்றொரு சொல் உண்டு. அப்பா பிள்ளையைக் கண்டித்துத் திருத்துகிற மாதிரி தேவனும் தன் பிள்ளைகளைத் திருத்துகிறார் என்று அர்த்தம். அதற்கு ஒருவர் எப்படிக் கீழ்ப்படிந்தார் என்று கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

1761இல் இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற கிராமத்தில், நெசவாளி மகனாகப் பிறந்தார். வெயில் பட்டால் தோலுக்கு ஆகாது. அதனால் நிழலில் செய்கிற தொழிலாகப் பார்த்து, 14 வயதில் செருப்புக் கடையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே நடந்த ஒரு சங்கதி. கிறிஸ்துமஸ் இனாம் வாங்கப் போன பையனுக்கு ஒரு கடைக்காரர் கள்ள ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டார். இவர் அதை முதலாளியின் நல்ல காசோடு மாற்றி வைத்து, முதலாளியின் ஷில்லிங்தான் கள்ளக் காசு என்று சொல்லத் தீர்மானித்தார். வழியில் ஒரு ஜெபம் வேறு: இந்த ஒரு தடவை தப்பிக்க வை, இனிமேல் ஒழுங்காக இருக்கிறேன் என்று! (எக்ஸாம் ஹாலுக்குப் போகும்போது நாம வைக்கிற வேண்டுதல் மாதிரியே இருக்கு.) தேவன் தப்பிக்க வைக்கவில்லை. மாட்டிக்கொண்டார். வெட்கத்தில் தெருவில் நடக்கவே கூசினார். அன்று தப்பிக்க விடாததே தேவன் தனக்குச் செய்த நன்மை என்று பிற்காலத்தில் அவரே கருதினார்.

செருப்புத் தைத்துக்கொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரெயம் படித்தார். 1793 நவம்பரில் கல்கத்தா வந்து இறங்கினார். இந்தியாவுக்குப் போ என்பது தேவ கட்டளை என்று அவர் நம்பினார். ஆனால் மனைவி டாரதிக்கு அந்த நம்பிக்கை இல்லை. முதலில் வரமாட்டேன் என்றவர், கடைசி நேரத்தில் கைக்குழந்தையோடு கிளம்பினார். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் இறந்தான். டாரதியின் மனம் குலைந்தது; 1807இல் சாகும்வரை தேறவில்லை. சில புத்தகங்கள் இதையும் கேரிக்கு வந்த சிட்சை என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கீழ்ப்படிந்தது அவர், விலையில் பாதியைக் கொடுத்தது அந்த அம்மா. கேரியை நான் மதிப்பதால் இதை மறைக்க வேண்டும் என்றில்லை.

1800இல் டேனிஷ்காரர்கள் வசமிருந்த செராம்பூருக்கு வந்தார். கூட மார்ஷ்மன், வார்டு என்று இரண்டு பேர். வார்டு அச்சுத் தொழிலாளி. பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கொல்லர் எழுத்துகளை வெட்டிக் கொடுத்தார். 1801இல் வங்காளி புதிய ஏற்பாடு வந்தது. பிறகு மொழிமேல் மொழியாக வேலை வளர்ந்தது.

1812 மார்ச் 11, சாயங்காலம். 200 அடி நீளமுள்ள அச்சுக்கூடத்தின் ஒரு கோடியில், காகிதம் அடுக்கியிருந்த இடத்தில் தீப்பிடித்தது. கேரி அன்று கல்கத்தாவில். வார்டு புத்திசாலி; கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து, கூரையில் துளைபோட்டுத் தண்ணீர் ஊற்ற வைத்தார். காத்து இல்லேன்னா தீ எரியாது, அவ்வளவுதானே? பல மணி நேரம் தாக்குப்பிடித்தது. அப்புறம் யாரோ ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். குப்பென்று முழுக் கட்டடமும் பிடித்துக்கொண்டது. நள்ளிரவில் கூரை விழுந்தது. 14 கீழ்த்திசை மொழிகளின் எழுத்துகள் போயின. அதில் நம்ம தமிழும் ஒன்று. கையெழுத்துப் பிரதிகள், இலக்கணங்கள், பல வருடம் உழைத்துச் சேர்த்த பலமொழி அகராதி எல்லாம் சாம்பல்.

மறுநாள் காலை மார்ஷ்மன் போய்ச் சொன்னபோது கேரிக்குப் பேச்சே வரவில்லையாம். அதன்பின் அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். யார் ஜன்னலைத் திறந்தது என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. தேவனுக்கு இதைச் செய்ய உரிமை உண்டு என்று ஒத்துக்கொண்டார். இந்த இழப்புக்குத் தன்னிடம் என்ன காரணம் இருக்கிறது என்று தன்னையே கடுமையாகச் சோதித்தார். கல்கத்தாவில் 46ஆம் சங்கீதத்தை வைத்துப் பிரசங்கம் செய்தார். தேவன் விருப்பப்படி நம்மை நடத்த அவருக்குள்ள உரிமையும், அதற்கு நாம் இணங்குவதும்தான் பொருள். போன வழியிலேயே இரண்டாந்தரம் நடப்பது சுலபம், தடுமாற்றமும் குறைவு என்று நண்பருக்கு எழுதினார். அரியர் எழுதிப் பாஸானவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

இணங்கினார் என்றால் கையைக் கட்டி உட்கார்ந்தார் என்று அர்த்தமில்லை. சாம்பலைக் கிளறியபோது வார்டுக்குப் பஞ்சுகளும் தாய் அச்சுகளும் கெடாமல் கிடைத்தன. ஃபவுண்டரி ஷாப்பில் நின்ற யாருக்கும் இதன் மதிப்புத் தெரியும். பேட்டர்ன் பத்திரமா இருந்தா, காஸ்டிங் போனா என்ன, திரும்ப ஊத்திக்கலாம்! உருகி ஓடிய ஈயத்தையே மறுபடி உருக்கி எழுத்து வார்த்தார்கள். தனி அறையிலிருந்த அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. பக்கத்திலேயே வேறு கட்டடத்தில் வேலை ஆரம்பமானது. இங்கிலாந்தில் செய்தி போய்ச் சேர்ந்ததும் இரண்டே மாதத்தில் சுமார் 10,000 பவுண்டு சேர்ந்தது. அதோடு புகழும் சேர்ந்தது. அங்கிருந்த நண்பர் ஆண்ட்ரூ ஃபுல்லர், புகழ்ச்சியும் ஆபத்துதான், ஜாக்கிரதை என்று எழுதி எச்சரித்தார். தீயில் தப்பினவனைப் புகழ் பிடித்துவிடக் கூடாதே என்ற கவலை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1818இல் செராம்பூர் கல்லூரி. 1820இல் அங்கே காகித ஆலைக்கு நீராவி எஞ்சின். 1829இல் சதி தடைச் சட்டம் அவர் கைக்கு வந்தது ஒரு ஞாயிறு காலை. பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, அன்றே அதை வங்காளியில் மொழிபெயர்த்து முடித்தார். ஒரு நாள் தாமதித்தாலும் இன்னொரு பெண் சிதையில் ஏற்றப்படலாம் என்பது அவர் பயம்.

அதற்கு முன், 1823இல், தாமோதர் வெள்ளம் வந்து அவர் ஆசையாக வளர்த்த தாவரத் தோட்டத்தை நாசமாக்கியிருந்தது. அப்போது வயது 62. காலில் அடிபட்டுப் படுக்கையில் வேறு கிடந்தார். எழுந்ததும் மறுபடி விதைகளுக்கு எழுதிப் போட்டார். 1834 ஜூன் 9இல் இறந்தார். எரிந்ததில் பெரும்பாலானதை இரண்டாந்தரம் எழுதி முடித்திருந்தார். அந்தப் பலமொழி அகராதி மட்டும் கடைசிவரை திரும்ப எழுதப்படவே இல்லை.