திவான் பகதூர் முனுசாமி நாயுடு

சென்னை மாகாணத்தின் பழைய முதல் மந்திரிகளுள் ஜமீன்தார் வம்சத்திற் பிறவாது, உழவர் குடும்பத்தில் தோன்றித் தம் கல்வியையே முதலாகக் கொண்டு உயர்ந்தவர் திவான் பகதூர் பொல்லினி முனுசாமி நாயுடு ஆவார். அவர் அந்த ஸ்தானத்தை அடைந்த விதத்தையும் இழந்த விதத்தையும் நம் வாலிபர்கள் அறிந்திருத்தல் நலமென்று கருதி இதனை எழுதலானோம்.

நாயுடு 1885ஆம் வருஷம் திருத்தணியை அடுத்த வேல்கட்டூர் கிராமத்தில் பிறந்தார். சென்னையில் உயர்தரக் கல்வி கற்றுச் சட்டப் பரீக்ஷையில் தேறிச் சித்தூரில் வக்கீலாக அமர்ந்தார். பின்னர் நீதிக்கட்சியிற் சேர்ந்து சட்டசபை அங்கத்தினராயினார்.

அக்கட்சியின் தலைமை வரலாற்றைச் சிறிது கூறாவிடில் அவர் சரித்திரம் விளங்காது. 1916இல் தோன்றிய அக்கட்சிக்குத் தலைவராயிருந்த ஸர் பிட்டி தியாகராய செட்டியார், 1920இல் மந்திரி சபை அமைக்கும்படி கவர்னர் அழைத்தபோது அப்பதவியை ஏற்க மறுத்துவிட்டார். கட்சித் தலைமை செட்டியாரிடமும், முதல் மந்திரி பதவி முதலில் சுப்பராயலு ரெட்டியாரிடமும் பின்னர் பனகால் ராஜாவிடமும் இருந்தன. 1923இல் ஸி. ஆர். ரெட்டி முதலியோர் பிரிந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தபோதும் கட்சி குலையவில்லை. 1925இல் செட்டியார் காலமாகவே, பனகால் ராஜாவிடம் இரண்டு பதவிகளும் ஒருசேர வந்தன. பிற்காலத்துப் பூசல்களுக்கெல்லாம் வித்து இதுவே என்பது எமது அபிப்பிராயம். கட்சித் தலைவனாவோன் மந்திரியாவான் என்ற நிலை ஏற்பட்ட பின்னர், தலைமைக்கான போட்டி கொள்கையளவில் நிற்குமோ?

1928 டிசம்பரில் பனகால் ராஜா மரணமடைந்தார். தலைவனற்ற கட்சி இரு பிரிவாயிற்று. பிராமணர்களையும் கட்சியிற் சேர்க்கலாமென்று ஒரு சாராரும், கூடாதென்று மற்றொரு சாராரும் வாதாடினர். முடிவில் இரு சாராரும் சமாதானமாகி, 1930இல் முனுசாமி நாயுடுவைத் தலைவராக்கினர். காங்கிரஸ் விலகிநின்ற அவ்வாண்டுத் தேர்தலில் கட்சி வெற்றி பெறவே, அக்டோபர் 27ஆந் தேதி அவர் முதல் மந்திரியானார். பி. டி. ராஜனும் குமாரசாமி ரெட்டியாரும் உடன் மந்திரிகளாயினர்.

இரட்டையாட்சியில் மந்திரி ஸ்தானங்கள் மூன்றே, விரும்பினவர்களோ அநேகர். கட்சிக்குப் பொருளுதவி செய்துவந்த ஜமீன்தார்களில் ஒருவருக்கும் இடமில்லாது போனதால் பொப்பிலி ராஜாவும் வெங்கடகிரி குமாரராஜாவும் அதிருப்தி கொண்டனர். பெருந்தனவந்தராகிய முத்தைய செட்டியாரும் அவர்களுடன் சேர்ந்தார். அவர்களையும் அணைத்துப் போகும் சாதுரியம் நாயுடுவிடம் குறைவாயிருந்ததென்று கூறுவாருளர்; அதில் சிறிது உண்மையுண்டு. ஆயினும் மூன்று ஆசனங்களைக் கொண்டு எத்தனை பேரைத் திருப்தி செய்வது?

காலமும் அவருக்கு அனுகூலமாயில்லை. உலகமெங்கும் வியாபாரம் மந்தமாகி நெல் விலை பெரிதும் வீழ்ந்தது. குடியானவர்கள் கிஸ்தி கட்ட வகையின்றித் தவித்தனர். நிலவரி இலாகாவோ மந்திரிகள் கையில் இல்லை. கவர்னரின் நிர்வாக சபைக்கு ஒதுக்கப்பட்டது. உழவர் வீட்டிற் பிறந்த முதல் மந்திரி, உழவர் முறையிட்ட வரியைக் குறைக்க அதிகாரமின்றி இருந்தார். பழி மாத்திரம் அவரைச் சேர்ந்தது.

1932 அக்டோபரில் தஞ்சாவூரில் கட்சி மகாநாடு கூடிற்று. யார் தலைவரென்ற பிரச்னையில் கூச்சலும் கலகமும் மிகுந்து நாற்காலிகளும் வீசப்பட்டன. படித்தோரும் பட்டம் பெற்றோரும் கூடிய சபையில் இவ்வாறு நிகழ்ந்ததை எழுதவும் நாணமாகிறது. நாயுடு தலைமையினின்று நீக்கப்பட்டார். பொப்பிலி ராஜா தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. சட்டசபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வருவது நிச்சயமென்று கண்ட நாயுடு, நவம்பர் மாதத் தொடக்கத்தில் ராஜிநாமா செய்தார். அவருடன் பதவி வகித்த ராஜனும் ரெட்டியாரும் பொப்பிலியாரின் மந்திரி சபையிலும் அமர்ந்தனர்.

நாயுடு தம் ஆதரவாளர்களுடன் ஜனநாயக நீதிக்கட்சி என்று தனியே ஒன்று கண்டு எதிர்வரிசையில் இருந்தார். 1935இல், ஐம்பது வயது நிரம்புமுன்னரோ நிரம்பிய சமயத்திலோ, காலமானார். அவரைப் பின்பற்றியவர்கள் தாய்க்கட்சிக்கே திரும்பிவிட்டனர். இரண்டாண்டு கழித்து நடந்த 1937ஆம் வருஷத் தேர்தலில் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. பொப்பிலி ராஜாவும் தம் சொந்தத் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோல்வியுற்றார்.