செவிலியரைத் தாங்கியவர்

கையில் விளக்கேந்தி, நோயாளியரின் கட்டில்களுக்கிடையே நடக்கும் பெண்மணியாகவே பிளாரன்ஸ் நைட்டிங்கேலை உலகம் அறியும். அவ்வொளியில் அவர் கண்டவற்றையும், கண்ட நெஞ்சம் சுமந்தவற்றையும் எண்ணிப் பார்த்தவர் சிலரே.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டாரின் எதிர்ப்பைக் கடந்தே செவிலியர் பணிக்கு வந்தார். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அங்குப் போர்க்காயத்தினும் காலராவும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமே மிகுதியான உயிர்களைப் பறித்தன. 1855 பிப்ரவரியில் மருத்துவம் பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கழிவுநீர் வழிகளைச் சீரமைத்த பின்னரே இறப்பு பெரிதும் குறைந்தது. பகலெல்லாம் பணி, இரவிலோ, இறந்த வீரரின் குடும்பத்தாருக்குத் தம் கைப்பட மடல் வரைதல். அவ்வாண்டு மே மாதம் கடுங்காய்ச்சலில் விழுந்து அவரே உயிர் பிழைத்தது அரிதாயிற்று. 1856இல் நாடு திரும்பியவரின் உடல்நலம் மீளவில்லை. நெடுங்காலம் அறைக்குள்ளேயே வாழ்ந்தார்.

1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பயிற்சிப்பள்ளியில் உணவு, உறைவிடம், சீருடை ஆகியவற்றோடு மாணவியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படுக்கையறையும், கூடிப் பேசப் பொது அறையும் தரப்பட்டன. இது சிறு செய்தியாகத் தோன்றலாம். நாள் முழுதும் பிறர் துயரோடு இருந்தவருக்குத் தனித்திருந்து அழவும் ஓரிடம் வேண்டுமல்லவா?

அங்குப் பயின்றவர் ஆக்னஸ் ஜோன்ஸ். 1865இல் அப்பள்ளியின் செவிலியர் 12 பேருடன் லிவர்பூல் நகர ஆதரவற்றோர் இல்ல மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றார். நோயாளியரோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஒருவரின் உடலும் உள்ளமும் தாங்கும் அளவை மீறிய பொறுப்பு அது. சோர்ந்த வேளைகளில் நைட்டிங்கேலின் மடல்கள் அவருக்குத் துணைநின்றன. ஆயினும் மடல்களால் வேலைப்பளுவைக் குறைக்க இயலவில்லை. 1868இல் டைபஸ் காய்ச்சல் கண்டு, 35ஆம் அகவையில் ஆக்னஸ் மறைந்தார். அம்மறைவு நைட்டிங்கேலைப் பெரிதும் உலுக்கியது.

பின்னாளில் பயிற்சி மாணவியரைத் தம் இல்லத்திற்கு ஒவ்வொருவராக அழைத்து உரையாடினார். தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்குப் பொறுப்பேற்றுச் சென்றோருக்கு மலர்களும் உணவுப் பொருள்களும் அனுப்பினார்; அவர்தம் இடர்களைக் கேட்டறிந்து விடையெழுதினார். 1872 முதல் பள்ளியின் செவிலியர் அனைவருக்குமாக மடல்கள் எழுதலானார். கண்ணொளி மங்கும் முதுமை வரை அவ்வழக்கம் தொடர்ந்தது. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், 90ஆம் அகவையில், இலண்டன் இல்லத்தில் மறைந்தார்.