காலங்கடந்தும் கற்ற அம்மையார்

கல்விக்குரிய பருவம் இளமையே என்பது ஆன்றோர் கொள்கை. ஆயினும், வறுமையாலோ, குடும்பச் சூழலாலோ, பிற காரணத்தாலோ அப்பருவத்தில் பள்ளியை விட்டு நீங்கினோர் பலர். அவர்க்குக் கல்வியின் வாயில் என்றென்றும் அடைபட்டதே என்று கருதுதல் தவறு. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கியவர் துர்க்காபாய் தேஷ்முக் அம்மையார் ஆவார்.

இவர் 1909ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் ஆந்திர நாட்டிலுள்ள ராஜமுந்திரியில் பிறந்தார். அக்கால வழக்கப்படி எட்டு வயதிலேயே இவருக்கு மணம் செய்விக்கப்பட்டது. வயது வந்தபின் அம்மண வாழ்வை ஏற்க இவர் உள்ளம் ஒருப்படவில்லை. தந்தையாரும் உடன்பிறந்தாரும் இவர் பக்கம் நின்றமையால், அப்பிணைப்பினின்றும் விலகிப் பொதுத் தொண்டில் ஈடுபட்டார்.

பள்ளியில் ஆங்கிலத்தின் வாயிலாகப் பாடங்கள் கற்பிக்கப்படுவதை எதிர்த்து, இவர் இளமையிலேயே பள்ளிப் படிப்பைத் துறந்தார். எனினும் கல்வியின்பால் கொண்ட விருப்பத்தைத் துறந்தாரல்லர். இந்தியைக் கற்றுத் தேர்ந்து, காக்கிநாடாவில் பெண்களுக்கென ஒரு பள்ளி நிறுவினார். 1923ஆம் ஆண்டு அந்நகரில் காங்கிரசு மாநாடு கூடியபோது, கதர்க் காட்சிச்சாலையின் வாயிலில் தொண்டராக நின்றார். நுழைவுச் சீட்டின்றி வந்த ஜவாகர்லால் நேருவையே உள்ளே விடாது தடுத்தார். சீட்டு வாங்கிவந்த பின்னரே வழிவிட்டார். பதினான்கு வயதுச் சிறுமியின் கடமையுணர்வை நேரு வியந்து பாராட்டினார்.

1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது. சென்னையில் அப்போரில் கலந்துகொண்ட துர்க்காபாய், 1933ஆம் ஆண்டிற்குள் மும்முறை சிறை சென்றார். மதுரைச் சிறையில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தனிமையில் அடைக்கப்பட்டார். உடல் நலிந்தது, உள்ளம் நலியவில்லை. சிறையில் இவர் கண்ட பெண்கள் சிலருடைய நிலை இவர் நெஞ்சை உருக்கியது. எழுத்தறியாமையாலும் சட்டம் அறியாமையாலும் தமக்காக வாதிட வழியின்றித் தண்டனை ஏற்றவர்கள் அவர்கள். இத்தகையோர்க்கு உதவுதற்குத் தாம் சட்டம் பயிலவேண்டும் என்னும் உறுதி இவர்க்கு அங்கே பிறந்தது.

உறுதி பிறந்தது, ஆனால் வழி எளிதாக இல்லை. சட்டக் கல்லூரியில் சேரப் பட்டம் வேண்டும். பட்டம் பெறக் கல்லூரியிற் படித்திருக்க வேண்டும். கல்லூரியிற் சேர மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றிருக்க வேண்டும். இவரோ இருபது வயதைக் கடந்தவர், நாடறிந்த தொண்டர், கூட்டங்களில் சொற்பெருக்காற்றிப் பழகியவர். அத்தகையவர் சிறுவர் கற்கும் பாடங்களை முதலிலிருந்து கற்க அமர்ந்தார். ஒருகால் எந்த ஆங்கிலத்தின் பொருட்டுப் பள்ளியை விட்டாரோ, அந்த ஆங்கிலத்தையே அரிதின் முயன்று பயின்றார். தாய்மொழியை விடுத்து அயல்மொழி வாயிலாகக் கற்பித்தலை எதிர்ப்பது வேறு. அம்மொழியை அறிந்து பயன்கொள்வது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பள்ளியிற் சேராது தாமே பயின்றவரும் எழுதுதற்கு இடமளித்த காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதி வெற்றி பெற்றார். அடுத்து இண்டர்மீடியட் தேர்விலும் தேறினார். பின்னர் வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் நூல் பயில விரும்பினார். பெண்களுக்கு விடுதி இல்லை என்னும் தடை அங்கே எழுந்தது. விடுதியின்மையால் படிக்க இயலாத பெண்கள் தமக்கு எழுதுமாறு செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். அவ்வாறு வந்த பெண்களைக் கூட்டித் தாமே ஒரு விடுதி அமைத்தார். தம் தடையை நீக்கிக்கொண்டபோதே பிறர் தடையையும் நீக்கினார். 1942ஆம் ஆண்டு சென்னையில் சட்டப் பட்டம் பெற்று, உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார்.

இதற்கிடையே, 1937ஆம் ஆண்டு சென்னையில் ஆந்திர மகளிர் சபையைத் தோற்றுவித்தார். கைம்பெண்களும் கணவரால் கைவிடப்பட்டோரும் இளமையில் படிப்பை இழந்தோரும் அங்கு வந்தனர். தாம் எழுதிய அதே காசித் தேர்வுக்கு அவர்களைப் பயிற்றுவித்தார். வளர்ந்த பெண் ஒவ்வொரு வகுப்பாகப் பல ஆண்டுகள் கற்க இயலாது. ஆனால் முதிர்ந்த அறிவும் முயற்சியும் உடையவள் குறுகிய காலத்திலேயே தேர்வுக்கு ஆயத்தமாகலாம். இவ்வுண்மை துர்க்காபாய் தம் பட்டறிவால் கண்டது. இவரை இளமையில் மணந்தவர் பின்னர் வேறொரு பெண்ணை மணந்து மறைந்தார். ஆதரவற்று நின்ற அப்பெண்ணுக்கும் சபையில் தொழிற்பயிற்சி அளித்துத் தம் காலில் நிற்கச் செய்தார் என்பது அம்மையாரின் பெருந்தன்மைக்குச் சான்றாகும்.

1946ஆம் ஆண்டு அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். 1952ஆம் ஆண்டு திட்டக் குழுவில் இடம்பெற்றார். 1953ஆம் ஆண்டு நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக்கை மணந்தார். அவ்வாண்டிலேயே நிறுவப்பட்ட மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். சென்னையிற் சிறிய அளவில் தாம் நடத்திய முயற்சியை நாடெங்கும் பரப்ப அப்பதவி துணைசெய்தது. இளமையில் படிப்பை விட்ட பெண்களை ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் பள்ளித் தேர்வுகளுக்கு ஆயத்தமாக்கும் சுருக்கக் கல்வித் திட்டத்தை 1958ஆம் ஆண்டு அவ்வாரியம் தொடங்கியது. தேர்ச்சி பெற்றோர் செவிலியராகவும் ஆசிரியராகவும் பிற பணியாளராகவும் ஆவதற்கு அது வழி திறந்தது.

1975ஆம் ஆண்டு இந்திய அரசு இவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1981ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அம்மையார் மறைந்தார். சென்னையில் ஒரு சாலை இவர் பெயர் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே! தேர்வில் வெற்றி பெறுதல் சிறப்பே. தவறவிட்ட தேர்வைப் பின்னொரு நாள் எழுத அமர்வதற்கு நாணாமை அதனினும் சிறப்பு. நாம் வென்ற வழியைப் பிறர்க்கும் திறந்துவிடுதல் இவ்விரண்டினும் சிறப்பு. உங்கள் இல்லத்தில் இளமையில் படிப்பை விட்ட தாயோ, அக்காவோ, அத்தையோ இருக்கலாம். அவர் மீண்டும் ஏடெடுக்க விரும்பினால், அருகில் அமர்ந்து உதவுங்கள். துர்க்காபாய் அம்மையாருக்கு நீங்கள் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.