அந்தோனி பெனசெட்: அடிமை வியாபாரிகளின் எழுத்தையே ஆதாரமாக்கிய பள்ளி ஆசிரியர்

1750-களின் பிலடெல்பியா நகரம். அமெரிக்கா என்ற நாடு இன்னும் பிறக்கவில்லை. அது பிரிட்டிஷ் காலனி. அங்கே ஓர் ஆசிரியர் பகல் முழுக்க வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். ராத்திரி தன் வீட்டிலேயே இன்னொரு வகுப்பைத் தொடங்குவார். அங்கே வந்தவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். சிலர் அடிமைகள், சிலர் விடுதலை பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். எழுத்து, வாசிப்பு, கணக்கு என 20 வருஷம் இந்த இரவு வகுப்பு ஓடியது.

அந்த ஆசிரியர்தான் அந்தோனி பெனசெட். அடிமை ஒழிப்பு என்றதும் நமக்கு ஆபிரகாம் லிங்கன் ஞாபகம் வருவார். கொஞ்சம் படித்தவர்கள் பிரிட்டனின் வில்பர்போர்ஸைச் சொல்வார்கள். லிங்கன் பிறப்பதற்கு கால் நூற்றாண்டு முன்பே இறந்துபோனவர் பெனசெட். அமெரிக்க, பிரிட்டிஷ் வரலாற்றில் இவர் பெரிய பெயர். நம்ம பக்கம்தான் அதிகம் பேசப்படவில்லை.

அகதிக் குடும்பம், ஒட்டாத வியாபாரம்

1713-இல் பிரான்ஸின் செயின்ட் குவென்டின் ஊரில் பிறந்தார். குடும்பம் ஹியூகனாட், அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டன்ட். கத்தோலிக்க அரசு அந்தச் சிறுபான்மையினரை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1715-இல், குழந்தைக்கு 2 வயதானபோது, குடும்பம் எல்லையைக் கடந்து ராட்டர்டாமுக்கும், பிறகு லண்டனுக்கும் ஓடியது. 1731-இல் பிலடெல்பியாவுக்குக் கப்பலேறினார்கள்.

சகோதரர்கள் வியாபாரத்தில் நன்றாகவே வந்தார்கள். அந்தோனிக்கு அது ஒத்துவரவில்லை. வணிகத்தில் இருந்து பார்த்தார், பீப்பாய் செய்யும் தொழிலைக் கற்றார், அச்சகத்தில் பிழை திருத்தினார். கடைசியில் 1739-இல் ஆசிரியர் ஆனார். குடும்பத்தின் பார்வையில் இது ஒரு படி கீழே இறங்கியதுதான். சம்பளம் குறைவு, மரியாதையும் பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வேறு வேலை தேடவே இல்லை.

ஜாய்ஸ் மேரியட் என்பவரை 1736-இல் திருமணம் செய்திருந்தார். பிறந்த 2 குழந்தைகளும் பச்சிளம் வயதிலேயே இறந்துபோயின.

குவேக்கர்கள் யார்?

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினர். இவர்களின் கூட்டங்களில் பாதிரியார் கிடையாது. அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே தோன்றினால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். எல்லா மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது நம்பிக்கை. அதனால் போருக்குப் போக மாட்டார்கள், பெரிய மனிதர்களைக் கண்டால் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். பென்சில்வேனியா காலனியே இவர்களில் ஒருவரான வில்லியம் பென் நிறுவியதுதான்.

இவ்வளவு நல்ல கொள்கை இருந்தால் அடிமை வைத்திருக்க மாட்டார்கள்தானே? வைத்திருந்தார்கள். பிலடெல்பியாவின் பணக்கார குவேக்கர் குடும்பங்கள் அடிமைகளை வாங்கின, விற்றன. ஞாயிற்றுக்கிழமை அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களின் சமையலறையில் அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெனசெட்டின் முதல் சண்டை வெளியாட்களோடு இல்லை, சொந்தக் கூட்டத்தோடுதான். நண்பர் ஜான் வுல்மனுடன் சேர்ந்து வருஷக்கணக்கில் பேசினார், எழுதினார். சத்தம் போடவில்லை, விடவும் இல்லை. பிலடெல்பியா குவேக்கர் பேரவை, அடிமை வைத்திருப்பவர்களை விலக்குவது என முடிவெடுத்தது 1776-இல்தான். அதற்குள் வுல்மன் இறந்து 4 வருஷம் ஆகிவிட்டது.

வகுப்பறையில் கிடைத்த ஆதாரம்

1754-இல் பெண் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி தொடங்கினார். அடுத்த வருஷம் இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. கனடா பக்கம் இருந்த அகேடியா பகுதியிலிருந்து பிரெஞ்சு பேசும் மக்களை பிரிட்டிஷ் அரசு கூட்டம் கூட்டமாக நாடு கடத்தியது. சுமார் 450 பேர் கப்பல்களில் பிலடெல்பியா வந்தார்கள். ஊரில் யாருக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. மொழி தெரிந்தவர், தானும் அகதிக் குழந்தையாக வந்தவர் என்ற முறையில் பெனசெட்தான் தங்குமிடம், சாப்பாடு, துணிமணி என்று அலைந்தார். வீட்டுப் போர்வைகளைக் காணோமே என்று மனைவி தேட, அவை ஏற்கெனவே அகதிகளிடம் போய்ச் சேர்ந்திருந்தன என்று ஒரு கதை உண்டு.

ஆனால் வரலாற்றில் அவரை நிறுத்தியது அந்த ராத்திரி வகுப்புதான். கறுப்பினத்தவருக்கு மூளை மட்டு, அவர்கள் அடிமையாக இருக்கவே பிறந்தவர்கள் என்று அன்றைய ஐரோப்பிய அறிஞர்களில் பலர் தயங்காமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெனசெட்டிடம் பதிலுக்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அவரிடம் இருந்தது வருகைப் பதிவேடு. பகலில் ஒரு கூட்டம், ராத்திரி ஒரு கூட்டம் என்று இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் ஒரே ஆள் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கற்கும் திறனில் எந்த வித்தியாசமும் இல்லை என்பதைத் தன் அனுபவமாக எழுதினார். தாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் எஜமானர்களின் கர்வத்தில் பிறந்தது என்பதுதான் அவர் கண்ட முடிவு. அன்றைக்கு அந்த விவாதத்தில் பேசியவர்களில் எத்தனை பேர் ஒரு கறுப்பினக் குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

1770-இல் குவேக்கர்களைச் சம்மதிக்க வைத்து, கறுப்பினப் பிள்ளைகளுக்கான முறையான பள்ளியைத் திறந்தார்.

இந்த இடத்தில் புனே ஞாபகத்துக்கு வரலாம். பெண் பிள்ளைகளுக்காக 1848-இல் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் பூலே, 1873-இல் எழுதிய குலாம்கிரி நூலைக் காணிக்கையாக்கியது, அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான்.

எதிரியின் ஆவணமே சாட்சி

பெனசெட் ஆப்பிரிக்காவைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஆப்பிரிக்காவைப் பற்றி, அடிமை வணிகத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1759-இல் ஆரம்பித்து 1762, 1766, 1771 என்று அடுத்தடுத்து நூல்கள். எப்படி முடிந்தது?

அவர் செய்த வேலையை இன்றைய பாஷையில் டேட்டா ஜர்னலிசம் என்று சொல்லிவிடலாம். அடிமை வணிகத்தில் ஈடுபட்ட கம்பெனிகளின் ஏஜென்டுகள், கப்பல் தலைவர்கள், பயணிகள் எழுதிய புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தார். டச்சுக் கம்பெனியில் இருந்த வில்லெம் போஸ்மன், ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் வேலை பார்த்த பிரான்சிஸ் மூர், செனகலில் தங்கியிருந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷல் அடான்சன் போன்றவர்கள். வயல்கள் செழிப்பாக இருந்தன, மக்கள் உழைப்பாளிகள், ஊரில் நீதிமுறை இருந்தது என்று அவர்களே போகிறபோக்கில் எழுதியிருந்தார்கள். மனிதர்களைப் பிடித்தது எப்படி, கப்பலில் அடைத்தது எப்படி என்பதையும் எழுதியிருந்தார்கள். பெனசெட் இவற்றை வெட்டி, அடுக்கி, மெலிந்த மலிவான புத்தகமாக்கினார். காசில்லாதவர்களுக்கு இலவசம். இது பொய் என்று வணிகர்கள் சொல்ல வழியே இல்லை. சாட்சி சொன்னவர்கள் அவர்களுடைய ஆட்கள்.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. தன் வாதத்துக்கு உதவாத பகுதிகளை அவர் தாண்டிப் போனார். அவர் காட்டும் ஆப்பிரிக்கா சில இடங்களில் பூந்தோட்டம் மாதிரி இருக்கும்.

புத்தகம் யார் கைக்குப் போனது?

லண்டனில் கிரான்வில் ஷார்ப் என்ற அரசு குமாஸ்தா, 1767-இல் ஒரு புத்தகக் கடையில் பெனசெட்டின் நூல் ஒன்றைப் பார்த்து, அதை மறுபதிப்பு செய்தார். பிறகு இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1774-இல் அடிமை முறைக்கு எதிராக ஒரு நூல் எழுதினார். அதில் பெரும்பகுதி பெனசெட்டிடம் இருந்து எடுத்ததுதான். 1785-இல் கேம்பிரிட்ஜில் கட்டுரைப் போட்டிக்குத் தயாரான தாமஸ் கிளார்க்சன் என்ற மாணவருக்கு, பத்திரிகை விளம்பரம் ஒன்றின் மூலம் பெனசெட்டின் 1771 நூல் தெரியவந்தது. உடனே லண்டன் போய் வாங்கினார். பரிசும் கிடைத்தது, தூக்கமும் போனது. பிரிட்டனில் 1807-இல் அடிமை வணிகத்தைத் தடை செய்ய வைத்த இயக்கத்தின் முதுகெலும்பு இந்த கிளார்க்சன்தான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வாசகர். வர்ஜீனியாவின் பேட்ரிக் ஹென்றி, அமெரிக்க விடுதலைப் போரின் பெரிய பேச்சாளர். பெனசெட்டின் நூலை ஒரு குவேக்கர் அவருக்குக் கொடுத்தார். 1773-இல் அவர் எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. அடிமை முறை தவறு என்று ஒப்புக்கொள்கிறார். தானே அடிமைகளின் எஜமான் என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் இங்கே வாழ்வது வசதிப்படாது, அதனால் வைத்திருக்கிறேன், இதற்கு நியாயம் சொல்ல மாட்டேன் என்பதுதான் கடிதத்தின் சாரம். 2 வருஷம் கழித்து அதே ஹென்றி சுதந்திரம் பற்றி ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. சாகும்வரை அவர் அடிமைகளை வைத்திருந்தார். பெனசெட்டின் வாதம் அவர் மூளையில் ஜெயித்தது, வீட்டில் தோற்றது.

ஜெயித்தாரா?

கொஞ்சம். 1775-இல் பிலடெல்பியாவில், சட்டவிரோதமாக அடிமைப்படுத்தப்பட்டவர்களை மீட்க ஒரு சங்கம் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. 1780-இல் பென்சில்வேனியா சட்டசபை படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. உறுப்பினர்களைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்துப் பேசினார் என்பார்கள். ஆனால் சட்டத்தைப் படித்தால் சந்தோஷம் பாதியாகிவிடும். அன்றைக்கு அடிமையாக இருந்த யாரையும் அது விடுவிக்கவில்லை. அதற்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு விடுதலை, அதுவும் 28 வயது வரை எஜமானருக்கு உழைத்த பிறகு.

பெனசெட்டும் தன் காலத்து மனிதர்தான். விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கொடுக்கலாம் என்றவர், அவர்களை உள்ளூர் அதிகாரிகளின் கண்காணிப்பில் வைக்கலாம் என்றும் யோசனை சொன்னார்.

வீட்டில் எப்படி இருந்தார்?

குள்ளமான, எளிமையான மனிதர். இந்த அசிங்கமான முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன லாபம் என்று படம் வரையவே விடவில்லையாம். கடைசிக் காலத்தில் இறைச்சி சாப்பிடுவதை விட்டுவிட்டார். முற்றத்துக்கு வரும் எலிகளுக்குச் சாப்பாடு வைப்பார். பசி தீர்ந்தால் ஏன் திருடப்போகின்றன என்பது அவர் கணக்கு. சிரிப்பு வரும். ஆனால் அகேடியா அகதிகள் விஷயத்திலும் அவர் போட்ட கணக்கு கிட்டத்தட்ட அதேதான்.

1782-இல், 70 வயதை நெருங்கும்போது, பெண்கள் பள்ளியை விட்டுவிட்டு, சம்பளம் குறைந்த கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கே ஆசிரியராகப் போனார். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் அரசி சார்லட்டுக்கு அடிமை வணிகத்தை நிறுத்தக் கோரி கடிதமும் புத்தகங்களும் அனுப்பினார். 1784 மே 3-இல் இறந்தார். சவ ஊர்வலத்தில் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் நடந்து வந்தார்கள். மனைவி காலத்துக்குப் பிறகு தன் சொத்து அந்தப் பள்ளிக்கே போக வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார்.

அந்தப் பள்ளியில் சின்ன வயதில் சில காலம் படித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் போர்டன். பின்னாளில் பிலடெல்பியாவில் கப்பல் பாய் தைக்கும் பெரிய பட்டறைக்கு முதலாளி ஆனார். கறுப்பினத் தொழிலாளர்களும் வெள்ளைத் தொழிலாளர்களும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1831-இல் லிபரேட்டர் என்ற அடிமை ஒழிப்புப் பத்திரிகை பாஸ்டனில் தொடங்கியபோது, அதைத் தாங்கிப் பிடித்த பணத்தில் ஒரு பங்கு அந்தப் பட்டறையிலிருந்து போனது.