கருவின் அளவு குறைவு என்று ஸ்கேன் சொன்னால்? அளக்கக் கற்றுத்தந்த டாக்டர் இயான் டொனால்ட்

நாள் கணக்குப்படி 8 வாரம். ஸ்கேனில் கரு 6 வார அளவுதான். இப்படி ரிப்போர்ட் வந்தால் வீடே கலங்கிப்போகும். ஆனால், இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் இயான் டொனால்ட்.

யார் இவர்?

1910-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். அப்பா, தாத்தா இருவருமே டாக்டர்கள். 1937-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மருத்துவப் படிப்பை முடித்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை டாக்டராக இருந்தபோது, எரிந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து வீரர்களைக் காப்பாற்றி விருது பெற்றார். ரேடார், சோனார் கருவிகள் அறிமுகமானதும் அந்தப் பணியில்தான்.

தொழிற்சாலையில் பிறந்த யோசனை

1954-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு பேராசிரியரானார். அப்போதெல்லாம் கடைசி மாதவிலக்குத் தேதியையும், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதையும் வைத்துத்தான் கருவின் வளர்ச்சியைக் கணித்தார்கள்.

பக்கத்து ஊரான ரென்ஃப்ரூவில் பாய்லர் செய்யும் தொழிற்சாலை ஒன்று, இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலை அனுப்பிச் சோதித்துவந்தது. 1955-ல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார் டொனால்ட். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இருந்தது. நீர்க்கட்டிக்கும் திடமான கட்டிக்கும் எதிரொலி வேறுவேறாக வந்தது. அது போதும் அவருக்கு.

டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினீயரும், டாக்டர் ஜான் மெக்விகாரும் கைகோத்தார்கள். குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருப்பது பெரிய சினைப்பை நீர்க்கட்டிதான் என்று கருவி காட்டியது. கட்டியை அகற்றினார்கள், அவர் பிழைத்தார். 1958-ல் மூவரின் கட்டுரை லான்செட் இதழில் வந்தது.

தண்ணீர் குடிக்கச் சொல்வது ஏன்?

சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் ஒலியலை தடையில்லாமல் கருப்பைக்குப் போகும். இந்த வழியில் 1960-களில் டொனால்ட் குழு ஆரம்ப வாரக் கருவையே பார்த்தது. 1973-ல் அதே கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன், கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து வயதைக் கணித்தார். ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று இருப்பது இதுதான்.

அளவு குறைந்தால் என்ன அர்த்தம்?

பல நேரம் நாள் கணக்குதான் தப்பு. கருமுட்டை தாமதமாக வெளியாகியிருக்கலாம். தேதி சரியாக நினைவில் இல்லாமலும் இருக்கலாம். சில நேரம் கரு தங்காமல் போவதன் அறிகுறியாகவும் இருக்கும். ஒரே ஸ்கேனில் இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். கரு 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு தெரியாவிட்டால், குறைந்தது 7 நாள் கழித்துத் திரும்பவும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆரோக்கியமான கரு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும் என்பதால், அதற்குள் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதுவரை ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தக் கூடாது. சர்க்கரை, தைராய்டு இருந்தால் கட்டுப்பாட்டில் வைக்கணும். படுத்தே கிடப்பதாலோ, கூடுதலாகச் சாப்பிடுவதாலோ இந்த வாரங்களில் கரு வேகமாக வளர்ந்துவிடாது. அதிக ரத்தப்போக்கு, கடுமையான வயிற்றுவலி, மயக்கம் வந்தால் மட்டும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இதய நோயால் தானே பலமுறை ஆபரேஷன் செய்துகொண்ட டொனால்ட், 1976-ல் ஓய்வுபெற்று 1987-ல் காலமானார். கையால் தொட்டு ஊகித்த இடத்தில் அளவை வைத்தது அவரது குழு. அந்த அளவை நம்பலாம். ஆனால் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்து, இரண்டாவதோடு ஒப்பிட்ட பிறகு.