மாண்டிசோரி அம்மையார்

மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நாம் நாள்தோறும் காணும் பெயர் மாண்டிசோரி. அப்பெயருக்குரிய அம்மையார் தம் கல்விப் பணியைத் தொடங்கியது செல்வர் வீட்டுச் செல்லக் குழந்தைகளிடம் அன்று. படிப்பு ஏறாது என்று உலகம் கைவிட்ட பிள்ளைகளிடமே.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31-இல் இத்தாலி நாட்டில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அந்நாளில், 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநோய் விடுதிகளைப் பார்வையிட்டபோது, அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவரும் அங்கே அடைபட்டுக் கிடக்கக் கண்டார். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவர். காவல் பெண்ணுக்கு அது அருவருப்பு. அம்மையாருக்கோ, கைக்கு ஒரு வேலை கிடைக்காதா என்று ஏங்கும் அறிவின் பசியாகத் தோன்றிற்று.

இப்பிள்ளைகளுக்கு முதல் தேவை மருந்தன்று, தக்க கல்வியே என்று 1898-இல் தூரின் நகர மாநாட்டில் வாதிட்டார். 1900-இல் அவர்களுக்கென உரோமையில் பள்ளி தோன்றிற்று. அதை நடத்திய இருவருள் அம்மையாரும் ஒருவர். மர எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்த அப்பிள்ளைகளுள் சிலர், பொதுப் பள்ளித் தேர்விலும் தேறினர். ஊர் வியந்தது. அம்மையாரோ, அப்படியானால் மற்றப் பிள்ளைகளின் பள்ளிகள் ஏன் இத்தனை தாழ்ந்து கிடக்கின்றன என்று சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனே 1907-இல் ஏழையர் குடியிருப்பில் திறந்த குழந்தைகள் இல்லம்.

1939-இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் அவரை இங்கேயே நிறுத்தியது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். 1952 மே 6-இல் மறைந்தார்.

நண்பர்களே! நாம் பயிலும் ஐதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தில், இத்தகைய பிள்ளைகளை ஆராய்ந்து வழிகாட்டும் தேசிய நிறுவனம் 1984 முதல் இயங்கி வருகிறது. அரசு ஏற்புப் பெற்ற பள்ளிகள் இவர்களையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும், பிழைக்க வந்த ஊரில் மொழி அறியாத தமிழ்த் தாய், பள்ளி வாசலில் யாரிடம் என்ன கேட்பாள்? அவளுடன் சென்று பேச நம்மால் இயலும். பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்பதோடு நில்லாமல், எப்படிக் கற்பித்தால் அவனுக்கு விளங்கும் என்றும் கேட்போம். அம்மையார் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வி அதுவே.